பட்டா யார் பெயரில்? அமெரிக்க எல்லைப்புற நாவல்களின் பெண்கள்

கேள்வி இது: "டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர் மாதிரி கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான். அந்த உலகத்தில் பெண் என்றால் சலூனில் இருப்பாள், இல்லையென்றால் யாராவது கடத்திக்கொண்டு போவார்கள், ஹீரோ மீட்டு வருவார். அமெரிக்கர்களே எழுதிய நாவல்களிலாவது ஆண் வேலை, பெண் வேலை என்ற கோட்டை அழித்த கதைகள் உண்டா? எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?"

உண்டு. நூறு வருடத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டன. டெக்ஸ் இத்தாலியில் பிறந்தவர், டைகர் பிரெஞ்சு மொழிக் காமிக்ஸ்காரர். இருவரும் வளர்ந்த அச்சு மட்டும் அமெரிக்காவில் வார்த்தது. அந்த அச்சை உடைத்தவர்களும் அங்கேயே, அதே காலத்திலேயே இருந்தார்கள்.

படிக்கப் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைகளில் பெண் கையில் துப்பாக்கி வந்துவிட்டால் மரபு உடைந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். இப்போது நான் வேறு இரண்டு விஷயங்களைத் தேடுகிறேன்: நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது, உழைத்த கூலி யார் பைக்குப் போகிறது. இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டே படித்தால், எந்தக் கதை நிஜமாகவே கோட்டை அழிக்கிறது, எது வேஷம் மாற்றி ஆடுகிறது என்று தெரிந்துவிடும்.

முதலில் அச்சு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1880களில் ஃபிலடெல்ஃபியாவில் சைலஸ் வியர் மிட்செல் என்ற நரம்பியல் மருத்துவர் பெரிய பெயரோடு இருந்தார். மனச்சோர்வு, நரம்புத் தளர்ச்சி என்று வரும் பெண்களுக்கு அவர் கொடுத்த வைத்தியம் முழு ஓய்வு. வாரக்கணக்கில் படுக்கை, நிறையப் பால், படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. 1887இல் அவரிடம் போன ஷார்லட் பெர்கின்ஸ் கில்மனை, இனி வாழ்நாள் முழுக்கப் பேனாவையே தொடாதே என்று சொல்லி அனுப்பினார். அந்தக் கொடுமையிலிருந்து பிறந்ததுதான் கில்மன் 1892இல் வெளியிட்ட 'தி யெல்லோ வால்பேப்பர்' சிறுகதை.

இதே மிட்செல், கிட்டத்தட்ட இதே மாதிரித் தளர்ந்துபோய் வந்த ஓவன் விஸ்டர் என்ற இளைஞருக்குச் சொன்ன வைத்தியம் வேறு: மேற்கே போ, குதிரை ஏறு, திறந்த வெளியில் தூங்கு. விஸ்டர் 1885இல் வயோமிங் போனார். அடுத்தடுத்த வருடங்களிலும் போனார். அந்தப் பயணங்களிலிருந்து 1902இல் வந்தது 'தி வர்ஜினியன்'. கௌபாய் நாவல் என்ற வகைக்கே அதுதான் மூலப்பிரதி மாதிரி.

ஒரே மருத்துவர், ஒரே வியாதி. ஆணுக்குப் பரந்த புல்வெளி, பெண்ணுக்குச் சாத்திய கதவு. வெஸ்டர்ன் கதையின் பிறப்பிலேயே இந்தப் பிரிவு இருந்தது என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அந்த நாவலில் வெர்மான்ட்டிலிருந்து வந்த மோலி என்ற பள்ளி ஆசிரியை இருக்கிறாள். கல்யாணத்துக்கு முந்தைய நாள், ட்ராம்பஸ் என்பவனோடு சண்டைக்குப் போகாதே, போனால் நமக்கு நாளை என்பதே இல்லை என்று காதலனிடம் சொல்கிறாள். அவன் போகிறான், சுடுகிறான், திரும்பி வருகிறான். அவள் ஓடிப் போய்க் கட்டிக்கொள்கிறாள். பெண் பேசுவது மனசாட்சி, ஆனால் அது தோற்றுப்போவதற்காகவே வைக்கப்பட்டது. பிறகு வந்த எத்தனையோ நாவல்களிலும் படங்களிலும் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

சரி, துப்பாக்கிப் பெண்கள் இல்லையா என்றால், ஆரம்பத்திலிருந்தே இருக்கிறார்கள். 1877இலேயே டெட்வுட் டிக் என்ற மலிவுப் பதிப்புக் கதை வரிசையில் ஆண் உடை போட்ட கலாமிட்டி ஜேன் வந்துவிட்டாள். ஆனால் இந்த வகைக் கதைகள் எப்படி முடிகின்றன என்று பாருங்கள். 1953இல் அவள் பெயரில் வந்த இசைப் படத்தில் கடைசியில் கவுன் மாட்டிக்கொண்டு கல்யாணம் செய்துகொள்கிறாள். 1946இல் பிராட்வேயில் மேடையேறிய 'ஆனி கெட் யுவர் கன்' இன்னும் மோசம். குறி தவறாத ஆனி ஓக்லி, தான் விரும்பும் ஃபிராங்க் பட்லரின் மனம் நோகக் கூடாது என்று போட்டியில் வேண்டுமென்றே தோற்கிறாள். நிஜத்தில் நடந்தது நேர் எதிர். ஆனி ஜெயித்தார், தோற்ற பட்லர் அவரையே மணந்தார், பின்னால் தானே ஒதுங்கி அவருக்கு மேலாளராக இருந்தார். வாழ்க்கையில் ஓர் ஆண் பெருந்தன்மையோடு செய்ததை மேடைக்கதையால் ஏற்க முடியவில்லை. துப்பாக்கி கொடுத்தவர்களே கடைசிக் காட்சியில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.

அப்புறம் நிலம். 1862இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம், 21 வயது ஆனவருக்கோ குடும்பத் தலைவருக்கோ 160 ஏக்கர் கொடுத்தது. ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் செய்து காட்டினால் பட்டா. ஆண்களுக்கு மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கல்யாணமாகாத பெண், விதவை, விவாகரத்தானவள் எல்லோரும் விண்ணப்பிக்கலாம். பொதுவாக முடியாதது ஒருத்திக்குத்தான்: கணவனோடு வாழும் மனைவிக்கு. ஏனென்றால் குடும்பத் தலைவர் அவள் இல்லை. பெண்ணுக்குப் பெரும்பாலான இடங்களில் ஓட்டு கிடையாது, கல்லூரி வாசல் பாதிதான் திறந்திருக்கிறது என்ற காலத்தில், ஒற்றைப் பெண் தன் பெயரில் 160 ஏக்கர் எழுதிக்கொள்ளலாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த மண்ணிலிருந்துதான் வில்லா கேத்தர் வருகிறார். 1873இல் வர்ஜினியாவில் பிறந்து, ஒன்பது வயதில் குடும்பத்தோடு நெப்ராஸ்காவுக்குப் போனவர். ரெட் கிளவுட் என்ற சின்ன ஊரில் வளர்ந்தபோது முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, வில்லியம் கேத்தர் என்று கையெழுத்துப் போட்டார். 1913இல் அவர் வெளியிட்ட 'ஓ பயனியர்ஸ்!' நாவலைத்தான் நீங்கள் முதலில் எடுக்க வேண்டும்.

அதன் முதல் காட்சியைச் சொல்கிறேன். ஜனவரிக் குளிர். ஹானோவர் என்ற நெப்ராஸ்கா ஊர், காற்றில் பறந்துவிடாமல் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு சின்னப் பையனின் பூனைக்குட்டி தந்திக் கம்பத்தின் உச்சியில் ஏறிவிட்டது, அவன் கீழே நின்று அழுகிறான். அவனுடைய அக்கா அலெக்சாண்ட்ரா வருகிறாள். உயரமான பெண். ஓர் ஆணுடைய நீண்ட கனத்த கோட்டைப் போட்டிருக்கிறாள். வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்டவள் மாதிரி இல்லை, தன்னுடையது என்கிற இயல்போடு, இளம் சிப்பாய் மாதிரி நடக்கிறாள். தம்பிக்குக் குளிரக் கூடாது என்று தன் தலைத்துணியை அவிழ்த்து அவன் கழுத்தில் சுற்றும்போது, அடர்ந்த கூந்தலைப் பார்த்து ஊர் ஊராகச் சரக்கு விற்கும் ஒருவன் சத்தமாக வியக்கிறான். அவள் திரும்பி ஒரு பார்வை பார்க்கிறாள். அவ்வளவுதான். சலூனுக்குள் போய் மதுக் கோப்பையை வாங்கும்போதும் அவன் கை நடுங்குகிறது. கம்பத்தில் ஏறிப் பூனையை இறக்குவது அவளுடைய நண்பன் கார்ல். அவள் ஏறவில்லை. ஆணின் சாகசத்தைப் பெண் செய்து காட்டுவதில் கேத்தருக்கு அக்கறை இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது.

அவருடைய அக்கறை அடுத்து வரும் மரணப் படுக்கையில் இருக்கிறது. அப்பா ஜான் பெர்க்சன், பதினோரு வருடம் அந்த மண்ணோடு போராடி, 640 ஏக்கரைக் கடனில்லாமல் மீட்டு, 46 வயதில் சாகப் போகிறார். வளர்ந்த பையன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், லூ, ஆஸ்கர். இரண்டு பேரும் உழைப்பாளிகள். ஆனால் செய்தித்தாள் படித்துச் சந்தை விலை பார்ப்பவள் அலெக்சாண்ட்ரா. ஒரு மாட்டைக் கொழுக்க வைக்க என்ன செலவாகும் என்று அவளுக்குத் தெரியும். பன்றியைத் தராசில் ஏற்றும் முன்பே அதன் எடையை அப்பாவைவிடச் சரியாகச் சொல்லுவாள். நிலத்தைப் பிரிக்காதீர்கள், அக்கா சொல்வதைக் கேட்டு நடங்கள் என்று பையன்களிடம் சொல்கிறார். கூடவே இன்னொன்று: இனிமேல் அவள் வயலில் இறங்கி வேலை செய்ய வேண்டாம், ஆள் வைத்துக்கொள்ளுங்கள், முட்டையும் வெண்ணெயும் விற்று ஓர் ஆளின் கூலியைவிட அவள் அதிகம் சம்பாதிப்பாள். இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நிற்பேன். மகளை ஆணாக்கி ஏரில் பூட்டவில்லை அவர். முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வைக்கிறார்.

பிறகு மூன்று வருட வறட்சி. அக்கம்பக்கத்தார் நிலத்தை விற்றுவிட்டுப் போகிறார்கள். தம்பிகளும் போகலாம் என்கிறார்கள். இவள் ஆற்றோரப் பண்ணைகளைப் போய்ப் பார்த்து, விசாரித்து, கணக்குப் போட்டு, இருக்கிற நிலத்தை அடமானம் வைத்து இன்னும் நிலம் வாங்கலாம் என்கிறாள். தம்பிகள் நடுங்கிக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார்கள். அப்பா இறந்து பதினாறு வருடம் ஆன இடத்துக்குக் கதை தாண்டுகிறது. அந்த மேட்டு நிலத்திலேயே பெரிய பண்ணை அவளுடையது.

இப்போது கார்ல் திரும்பி வருகிறான். நகரத்தில் செதுக்கு வேலை செய்து, ஒன்றும் சேர்க்காமல், தங்கம் தேடி அலாஸ்கா போகும் வழியில் வந்தவன். அவளுக்கு நாற்பது வயது. அவனை மணக்கலாம் என்று நினைக்கிறாள். தம்பிகள் வீட்டுக்கு வந்து சண்டை போடுகிறார்கள். அவர்களுக்குக் கல்யாணம் ஆனபோதே பாகம் பிரித்தாயிற்று. அதற்கு மேல் அவள் சேர்த்தது அவள் சேர்த்ததுதான். ஆனாலும் லூ சொல்கிறான்: பத்திரத்தில் என்ன பெயர் இருந்தாலும் குடும்பச் சொத்து ஆண்களுடையது, ஏனென்றால் ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆண்கள். ஆஸ்கர் சொல்கிறான்: யோசனை சொல்வது நல்லதுதான், ஆனால் யோசனை களை பிடுங்காது, வெயிலில் வேலை செய்தது நாங்கள். தீவனப் பயிரான குதிரை மசால் போடலாம் என்று சொன்னபோது ஊரே சிரித்தது, நீங்களும் சிரித்தீர்கள் என்று அவள் நினைவுபடுத்துகிறாள். கடைசியில், கவுண்டி அலுவலகத்துக்குப் போய் நிலம் யார் பெயரில் இருக்கிறது, பத்திரம் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள்.

ஒரு துப்பாக்கிச் சண்டைக்கு நான் இதை ஈடாகச் சொல்வேன். பாகப்பிரிவினைச் சண்டை பார்த்த யாருக்கும் அந்த அறையின் சூடு புரியும். கதையில் துப்பாக்கியும் வருகிறது. பொறாமை பிடித்த ஒரு கணவன் தன் மனைவியையும் அலெக்சாண்ட்ராவின் கடைசித் தம்பியையும் சுட்டுவிடுகிறான். அங்கே துப்பாக்கி வீரம் இல்லை, வெறும் அழிவு.

கேத்தரின் அடுத்த பெரிய எல்லைப்புற நாவல் 'மை ஆன்டோனியா', 1918. இதில் அதே கேள்வி வலியோடு வருகிறது. பொஹீமியாவிலிருந்து, அதாவது இன்றைய செக் நாட்டுப் பகுதியிலிருந்து, வந்த குடியேறிக் குடும்பம். அப்பா குளிர்காலத்தில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்துவிடுகிறார். அடுத்த வசந்தத்தில் பக்கத்துப் பண்ணைப் பையன் ஜிம், பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, வருகிறாயா என்று கேட்கப் போகிறான். ஆன்டோனியா ஏர்க்குதிரைகளை ஓட்டிக்கொண்டு வருகிறாள். காலில் அப்பாவின் பூட்ஸ், சாகும் முன் அவர் கழற்றி வைத்தது. தலையில் அவருடைய பழைய ரோமத் தொப்பி. எனக்குப் படிக்க நேரமில்லை, இப்போது நான் ஆம்பிளை மாதிரி வேலை செய்வேன் என்று கொச்சை ஆங்கிலத்தில் பெருமையாகச் சொல்கிறாள். கொட்டிலுக்கு நடந்து போகும்போது பேச்சு நின்றுவிடுகிறது. ஜிம் திரும்பிப் பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறாள். பள்ளியில் சொல்லித்தருவதை எனக்கும் அப்பப்போ சொல்லு, எங்க அப்பா நிறையப் படிச்சவர் என்கிறாள்.

ஆண் வேலையைப் பெண் செய்துவிட்டாள் என்று கைதட்டிவிட்டுப் போக முடியாத காட்சி இது. அவள் ஏர் பிடிக்கிறாள், ஆனால் நிலம் அவளுடையது இல்லை. பிறகு ஊரில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேரும்போது, அவள் சம்பளம் முழுவதையும் தன்னிடமே கொடுக்க வேண்டும் என்று அண்ணன் அம்பிராஷ் கேட்கிறான். வருடத்துக்கு ஐம்பது டாலராவது அவள் கைச்செலவுக்கு நிறுத்த வேண்டும் என்று அந்த வீட்டு அம்மாள் பேரம் பேச வேண்டியிருக்கிறது. வேலையில் கோடு அழிந்துவிட்டது, கூலியில் அழியவில்லை.

அவளோடு வேலைக்கு வந்த இன்னும் இரண்டு பேரைக் கவனியுங்கள். லீனா தையல்காரியாகித் தன் கடையைத் தானே நடத்துகிறாள். கல்யாணம் வேண்டாம் என்கிறாள். குடும்பம் என்றால் அவளுக்கு ஞாபகம் வருவது, வீடு கொள்ளாத பிள்ளைகளும், நோயாளிப் பெண்ணைச் சுற்றிக் குவியும் வேலையும்தான். டைனி என்பவள் கனடாவின் க்ளான்டைக் பகுதிக்குத் தங்க வேட்டைக்குப் போய், கால்கள் உறைந்து செத்துக்கொண்டிருந்த ஒரு ஸ்வீடன்காரரைப் பார்த்துக்கொள்கிறாள். அவர் தன் சுரங்க உரிமையை அவள் பெயருக்கு எழுதி வைக்கிறார். மறுபடியும் பத்திரம்! மூன்று கால்விரல்களைக் குளிருக்குக் கொடுத்துவிட்டுப் பணக்காரியாகச் சான் பிரான்சிஸ்கோ வருகிறாள். இந்த இருவருக்கும் கேத்தர் எந்தத் தண்டனையும் கொடுக்கவில்லை. 1918க்கு இது சாதாரணம் இல்லை.

தன் சிறு வயது வாழ்க்கையையே கதைகளாக எழுதிய லாரா இங்கல்ஸ் வைல்டரையும் இங்கே பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். குழந்தைகள் புத்தகம் என்று ஒதுக்காதீர்கள். 1940இல் வந்த 'தி லாங் வின்டர்' நூலில், ஆள் கிடைக்காத அப்பாவுக்குச் சிறுமி லாரா வைக்கோல் போட உதவுகிறாள். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வயலில் இறங்கி வேலை செய்வது வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள்தான், அமெரிக்கப் பெண்கள் இல்லை என்பது அவள் எண்ணம். அந்த 'வெளிநாட்டுப் பெண்' யார்? ஆன்டோனியாதான். பெண்மை என்று அங்கே பேசப்பட்டதில் பாதி, நாம் எந்தக் கூட்டம் என்று காட்டிக்கொள்ளும் அடையாளம். அதே லாரா 1943இல் வந்த புத்தகத்தில், கணவனுக்குக் கீழ்ப்படிவேன் என்று கல்யாணத்தில் சொல்ல மாட்டேன் என்கிறாள். அப்போ நீ பெண் உரிமைக் கட்சியா என்று அவளை மணக்கப்போகும் அல்மான்சோ கேட்க, எனக்கு ஓட்டு வேண்டாம், ஆனால் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்க மாட்டேன் என்கிறாள். ஒரே ஆளுக்குள் பழையதும் புதியதும் இப்படித்தான் சேர்ந்து இருக்கும்.

கற்பனை இல்லாத ஒரு சாட்சியும் வேண்டும். எலினோர் ப்ரூயிட் ஸ்டூவர்ட், டென்வரில் துணி துவைத்துப் பிழைத்த விதவை என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். வயோமிங்கில் ஒரு பண்ணைக்காரரிடம் வேலைக்குப் போய், 1909இல் தன் பெயரில் நிலம் பதிந்தார். அவருடைய கடிதங்கள் 1914இல் புத்தகமாக வந்தன. அதில் ஓர் இடம். புல் அறுக்கும் காலம், ஆள் கிடைக்கவில்லை, முதலாளி தவிக்கிறார். இவருக்குச் சின்ன வயதிலிருந்தே அறுப்பு இயந்திரம் ஓட்டத் தெரியும். சொன்னால் வேண்டாம் என்று தடுத்துவிடுவாரோ என்று பயந்து சொல்லவில்லை. ஒரு காலையில் அவர் ஆள் தேடிப் போன நேரம், குதிரைகளைப் பூட்டிக்கொண்டு போய் அறுக்க ஆரம்பித்துவிட்டார். அவர் வெறுங்கையோடு திரும்பி வரும்போது, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் புல் அறுந்து கிடக்கிறது. அவருக்கு ஆச்சரியம், அதைவிட அதிகம் சந்தோஷம். அனுமதி கேட்காமல் செய்து காட்டிவிட்டுப் பேசுவது! இந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும்.

ஆனால் அவர் அந்த முதலாளியையே, நிலம் பதிந்த கொஞ்ச நாளில் மணந்துவிட்டார். கணவனும் மனைவியும் தனித்தனி வீட்டில் குடியிருந்தால்தான் இரண்டு பட்டா. கடைசியில் அவர் தன் நிலத்தை மாமியார் பெயருக்கு விட்டுக்கொடுத்தார். எத்தனையோ பெண்களுக்கு நிலம் எடுக்கும் தைரியம் கொடுத்த புத்தகத்தை எழுதியவர், தான் பதிந்த நிலத்துக்குத் தானே பட்டா வாங்கவில்லை.

சார்லஸ் போர்டிஸ் எழுதிய 'ட்ரூ கிரிட்', 1968, ஆண் எழுதியது. அப்பாவைக் கொன்றவனைத் தேடிப் போகும் 14 வயது மேட்டி ராஸின் கதை. எல்லோரும் அவள் பழிவாங்கும் பயணத்தைப் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது குதிரை வியாபாரியோடு அவள் போடும் பேரம். அப்பாவின் குதிரை, திருப்பித் தர வேண்டிய மட்டக் குதிரைகள் என்று ஒவ்வொன்றாக விலை போட்டு, வக்கீல் பெயரைச் சொல்லி மிரட்டி, 325 டாலரை அந்தப் பெரியவரிடமிருந்து கறந்துவிடுகிறாள். பாம்புக்கடியில் ஒரு கையை இழந்து, வயதான பிறகு, வங்கி நடத்தும் கல்யாணமாகாத பெண்ணாக இதையெல்லாம் அவளே சொல்கிறாள். பணத்தையும் தன் கிறிஸ்தவச் சபையையும் தவிர எதையும் நேசிக்கத் தெரியாதவள் என்று ஊர் பேசுவதும் அவளுக்குத் தெரியும். கவுன் மாட்டிக் கல்யாணம் செய்துவைக்கும் கடைசிக் காட்சி இந்தக் கதையில் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, நானே கேட்கச் சொன்ன கேள்வியை இன்னும் ஒரு படி தள்ளிக் கேட்க வேண்டியிருக்கிறது. அலெக்சாண்ட்ராவின் பெயருக்கு முன்னால் அந்த நிலத்தில் யார் இருந்தார்கள்? கேத்தரின் இந்த இரண்டு நாவல்களிலும் பூர்வகுடிகள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வைல்டரின் 1935 நூலில் அங்கே மனிதர்களே இல்லை, இந்தியர்கள் (பூர்வகுடிகளை அப்படித்தான் அழைத்தார்கள்) மட்டும்தான் இருந்தார்கள் என்கிற பொருளில் ஒரு வரி இருந்தது. 1953இல்தான் அதைத் திருத்தினார்கள். இந்தக் குறையை மறைத்துவிட்டு இந்தப் புத்தகங்களைச் சிபாரிசு செய்ய எனக்கு மனசு வரவில்லை.

அதனால் 1927இல் வந்த 'கோகீவியா' நாவலையும் சேர்த்துச் சொல்கிறேன். எழுதியவர் மோர்னிங் டவ், ஒகனாகன் பழங்குடிப் பெண், தோட்டங்களில் கூலி வேலை செய்துகொண்டே எழுதியவர். பூர்வகுடிப் பெண் எழுதி வெளிவந்த முதல் நாவல்களில் இதுவும் ஒன்று. பதிப்பித்த வெள்ளைக்காரர் தன் கருத்துகளை நிறையச் செருகியதால் நடை அங்கங்கே தடுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாயகி கோகீவியாவின் அம்மா பூர்வகுடி, அப்பா வெள்ளைக்காரர். மொன்டானா பண்ணையில் ஆண்களுக்குச் சமமாகக் குதிரை ஓட்டுபவள். ஜூலை நாலாம் தேதி விழாவில் இரண்டு குதிரைப் பந்தயங்கள் நடக்கின்றன, ஒன்று 'சீமாட்டிகளுக்கு', இன்னொன்று பூர்வகுடிப் பெண்களுக்கு. அவள் இரண்டிலும் ஓடுகிறாள். முதலாவதில் ஜெயிக்கிறாள், ஆனால் இது சீமாட்டிகள் பந்தயம் என்று சொல்லி நடுவர் பரிசைத் தர மறுக்கிறார். இரண்டாவதில், நீ பாதி வெள்ளை, உனக்கு இங்கே என்ன வேலை என்று பூர்வகுடிப் பெண் ஒருத்தி கேட்கிறாள். பெண் என்ற சொல்லுக்குள்ளேயே யாரெல்லாம் சேர்த்தி என்பதை அந்த மைதானத்தில் வைத்துக் கேட்டுவிடுகிறார் மோர்னிங் டவ். அதோடு, அவளைக் காதலிப்பதாக நடிக்கும் கிழக்கத்தியானுக்கு வேண்டியிருப்பதும் அவள் சொத்துதான்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். 'ஓ பயனியர்ஸ்!' சின்னப் புத்தகம், காப்புரிமை முடிந்துவிட்டதால் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆங்கிலமும் எளிது. அடுத்து ஆன்டோனியா, அப்புறம் மேட்டி, பிறகு கோகீவியா. 'தி வர்ஜினியன்' நாவலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அலெக்சாண்ட்ராவைப் படித்த கையோடு அதைத் திறந்தால், சண்டைக்குப் போகாதே என்று மோலி கெஞ்சும் அந்தப் பக்கம் வேறு மாதிரி கேட்கும்.